கறள் பிடித்த நட்டும் நான்கு குடும்பங்களும்

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் இல்லங்கள் ஒவ்வொன்றிலும், முதன்முதலாக வாங்கிய வாகனத்தைப் பற்றிய கதை ஒன்று நிச்சயமாக இருக்கும். அதை வாங்கக் காசு சேர்த்த விதம், முதல் நாள் ஓடிய தூரம், முதற் குளிர்காலத்தில் அது இயங்க மறுத்த காலைப்பொழுது என்று அக்கதை நீளும். பான் நகரில் வாழ்ந்த எங்கள் நான்கு குடும்பங்களின் கதை ஒரு நட்டைப் பற்றியது. ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றி ஒரு பத்திரிகையின் பக்கத்தை நிரப்புவதா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். உருவிற் சிறியவரை இகழ வேண்டாம், உருண்டோடும் பெருந்தேரைத் தாங்குவது அச்சாணிதான் என்று வள்ளுவரே 667ஆவது குறளிற் சுட்டியிருக்கும்போது, நாம் அச்சின் நட்டைப் பற்றி எழுதுவதில் தவறேதும் இல்லை.

எங்களில் மூவர் ஜேர்மனிக்கு வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். புகலிடம் கோருவோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டலாகாது என்ற கட்டுப்பாட்டை 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம் விதித்திருந்தது. அவர்கள் வேலை செய்வதற்கிருந்த தடை 1987இல் ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டு, 1991இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், முகாம்களின் அறைகளில், இருபதும் முப்பதும் வயதான இளைஞர்கள் கைகளை மடித்துக்கொண்டு யன்னலோரம் அமர்ந்திருந்தார்கள். ஊரிலே தோட்டம் கொத்திய கைகள், வலை இழுத்த கைகள், இயந்திரம் கழற்றிய கைகள் யாவும் சும்மா இருந்தன. பாவிக்காத இரும்பிற் கறள் ஏறும் என்பதை நாம் முதலிற் கண்டது இரும்பில் அன்று.

தடை நீங்கியபின் வேலை கிடைத்தது. 1999இல் பாராளுமன்றமும் அரசாங்கத்தின் பெரும்பகுதியும் பேர்லினுக்கு இடம்பெயரும்வரை, பான் நகரம் அலுவலகங்களால் நிறைந்திருந்தது. அந்த அலுவலகங்களைத் துப்புரவு செய்வோர், முதலாவது ஊழியர் வந்து கதிரையில் அமருவதற்கு முன்னரே தம் வேலையை முடித்திருக்க வேண்டும். அதிகாலை நான்கரைக்கு வேலைத்தலத்தில் நிற்க வேண்டிய ஒருவருக்கு, அவர் குடியிருந்த பகுதியிலிருந்து அந்நேரத்துக்குப் பேருந்து இருக்கவில்லை. ஆகவே 1994இல் நான்கு குடும்பங்களும் பங்கு போட்டு, பழைய வொல்க்ஸ்வாகன் வான் ஒன்றை வாங்கினோம். பின்புறத்தில் இயந்திரம் பொருத்திய, ரி3 என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது அது. 1979 தொடக்கம் 1990 வரை ஹனோவர் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. எங்களுடைய வானுக்கு அப்போதே ஒன்பது வயது.

அந்த வான் அதிகாலையில் மூன்று ஆண்களையும் இரண்டு பெண்களையும் வேலைக்குக் கொண்டு சென்றது. மாலையில் அரிசி மூட்டை ஏற்றியது. சனிக்கிழமைகளில் ஒன்பது பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றது. பிரசவ வலி கண்ட ஒரு சகோதரியை நள்ளிரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. நான்கு குடும்பங்களுக்கும் பொதுவான ஐந்தாவது வீடு என்று அதனைச் சொல்லலாம்.

1996ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், அந்த வானின் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. வேகம் கூடக்கூட அது உயர்ந்தது. வலப்பக்க வளைவுகளில் மேலும் உரத்தது. இடப்பக்கம் திரும்பும்போது தணிந்தது. வாகனம் வலப்பக்கம் திரும்புகையில் அதன் பாரம் இடப்பக்கச் சில்லுகளின்மீது சாய்கிறது. எனவே சத்தம் இடப்பக்கச் சில்லின் பெயாரிங்கிலிருந்து வருகிறது என்பது பொருள். இதை அப்போது எங்களிற் பலர் அறியோம். ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் தகுதிச் சோதனைக்கு வானைக் கொண்டு சென்றபோது, பரிசோதகர் அதை உயர்த்தி, சில்லை இரு கைகளாலும் பற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு, பாரதூரமான குறைபாடு என்று பதிந்தார். ஒரு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் காட்ட வேண்டும். அவர் செய்தது நியாயமானதே. பெயாரிங் முற்றாகச் சிதைந்தால் சில்லு இறுகிப்போகலாம், கழன்றும் போகலாம். ஒன்பது பிள்ளைகள் ஏறும் வாகனம் அது.

திருத்தும் நிலையம் ஒன்றில் விசாரித்தோம். இருபுறமும் பெயாரிங் மாற்றி அச்சை ஒழுங்குபடுத்த எண்ணூறு மார்க்குக்கு மேலாகும் என்றார்கள். அந்தத் தொகை அப்போது எங்களுக்கு எதைக் குறித்தது என்பதை வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்து ஆறு மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் நான்கு குடும்பங்களின் பெற்றோரும் சகோதரரும் அவ்விடப்பெயர்வில் அகப்பட்டவர்கள். இங்கே சேமிக்கும் ஒவ்வொரு மார்க்கும் அங்கே ஒரு குடும்பத்தின் கூரைக் கிடுகாகவும் அரிசியாகவும் மாறிக்கொண்டிருந்த காலம். வாகனத்துக்கு எண்ணூறு மார்க் கொடுப்பதென்றால், அந்த மாதம் எவருக்கு அனுப்பாமல் விடுவது?

ஆகவே நாமே செய்வது என்று முடிவு செய்தோம். எங்களில் எவரும் அச்சைக் கழற்றிப் பார்த்தவர் அல்லர், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரை நாம் அனைவரும் அண்ணை என்றே அழைப்போம். யாழ்ப்பாணத்தில் கராஜ் ஒன்றிற் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். பான் நகரில் அவர் ஓர் உணவகத்திற் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய கைத்தொழிலுக்கு இங்கே சான்றிதழ் இல்லை. அவருக்கு மொழியும் போதாது. நான்கு ஆண்டுகளாக அவர் ஒரு ஸ்பனரைத் தொட்டதில்லை.

குடியிருப்பின் முன்னே வீதியில் வைத்து வாகனத்தைக் கழற்றுவதை இந்நாட்டில் அனுமதிக்கமாட்டார்கள். அதற்கென மணிக்கணக்கில் வாடகைக்கு இடமும் உயர்த்தியும் ஆயுதங்களும் தரும் மண்டபங்கள் உண்டு. ஜேர்மன் மொழியில் அவற்றை மீற்வேர்க்ஸ்ரற் என்பர். றைன் நதியின் வலது கரையில், அத்தகைய ஒரு மண்டபத்தை ஒரு சனிக்கிழமை வாடகைக்கு எடுத்தோம். அண்ணையும், நாங்கள் மூவரும், எங்களில் ஒருவரின் பதினான்கு வயது மகனும் சென்றோம்.

அச்சின் நுனியில் இருக்கும் நட்டைக் கழற்றினாற்றான் பெயாரிங்கை அணுக முடியும். அந்த நட்டின் அகலம் 46 மில்லிமீற்றர். தயாரிப்பாளர் அதற்கு விதித்திருக்கும் இறுக்கம் 500 நியூற்றன் மீற்றர். புரியும்படி சொல்வதானால், ஒரு மீற்றர் நீளமான கம்பியின் நுனியில் ஏறக்குறைய 51 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. சாதாரண கார் ஒன்றின் சில்லு நட்டுகளுக்கு 100 முதல் 120 வரை போதும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் இறுக்கப்பட்ட அந்த நட்டு, பதினொரு குளிர்காலங்களில் வீதிகளிற் தூவப்பட்ட உப்பைக் குடித்திருந்தது. கடற்காற்று வீசும் ஊர்களில் யன்னற் கம்பிகள் தின்னப்படுவதைக் கண்டு வளர்ந்த எமக்கு, கடலே இல்லாத பான் நகரில் இப்படிக் கறள் ஏறியிருந்தது வியப்பாக இருந்தது. மணல் நிறத்திற் திரண்டு, நட்டு எது, அச்சு எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே கட்டியாக அது தெரிந்தது.

அண்ணை ஒழுங்காகத் தொடங்கினார். வானை உயர்த்தியில் ஏற்றாமல் தரையிலேயே நிறுத்தச் சொன்னார். சில்லு தரையில் ஊன்றி நின்றாற்றான் அச்சு கூடச் சுழலாமல் நட்டு மட்டும் சுழலும். வாகனத்தைக் கியரில் விட்டு, கைப் பிறேக்கை இழுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சிறுவனை உள்ளே இருத்திப் பிறேக்கை மிதிக்கச் செய்தார். நட்டைப் பூட்டியிருந்த முளையை வளைவு நிமிர்த்தி இழுத்தெடுத்தார். நட்டுக்கு வெளியே நீண்டிருந்த புரிகளைக் கம்பித் தூரிகையினால் இரும்பு மின்னும்வரை தேய்த்தார். வெளிப்புரியிற் கறள் இருந்தால் நட்டு பாதி வழியில் மீண்டும் இறுகும் என்றார். மண்டபத்திலிருந்து பெற்ற 46 மில்லிமீற்றர்த் தலையை நட்டிற் கொழுவினார். அதன் பிடி முக்கால் அங்குலச் சதுரம். மில்லிமீற்றரிற் சிந்திக்கும் இந்நாட்டிலும் ஸ்பனர்த் தலையின் பிடிச் சதுரம் அங்குலக் கணக்கில் இருப்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. அங்குலக் கணக்கிற் செய்த ஆங்கிலேய ஒஸ்ரினும் மொறிசும் அவர் கையிற் தவழ்ந்தவை.

பிடியின்மேல் ஒன்றரை மீற்றர் நீள இரும்புக் குழாயைச் செருகினார். அதன் நுனியில் 68 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தம் முழுப் பாரத்தையும் மெதுவாகக் கொடுத்தார். கணக்கின்படி அது ஆயிரம் நியூற்றன் மீற்றர், அதாவது விதித்த இறுக்கத்தின் இரண்டு மடங்கு. குழாய் வில்லாக வளைந்தது. நட்டு அசையவில்லை.

குழாயின் மேல் ஏறித் துள்ளுவோம் என்றார் எங்களில் ஒருவர். அண்ணை அவரைத் தடுத்தார். "தம்பி, அதோட கோபிக்காதையும். அது இரும்பு, உமக்குப் பயப்பிடாது" என்றார். அப்போது அடுத்த இடத்தில் தம் காரைத் திருத்திக்கொண்டிருந்த முதிய ஜேர்மானியர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்து, "நாக் பெஸ்ற் கொம்ற் அப்" என்றார். இந்நாட்டுத் தொழிலாளர் மத்தியில் வழங்கும் முதுமொழி அது: இறுக்கத்துக்கு அடுத்தது முறிவு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நாம் சொல்லி வளர்ந்தோம். அம்மி நகரலாம், அடிமேல் அடி விழுந்த நட்டோ மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும். அதன்பின் எந்த ஸ்பனரும் அதைப் பற்றாது.

அந்த முதியவர் எமக்கொரு வழியும் சொன்னார். நட்டை உளியால் வெட்டிப் பிளந்துவிடுங்கள், புதிய நட்டு சில மார்க்தான், அரை மணித்தியாலத்தில் வேலை முடியும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் அண்ணை தலையசைத்தார். உளி ஒரு தரம் சறுக்கி அச்சின் புரியிற் பட்டால், நட்டோடு அச்சும் போய்விடும். அச்சின் விலை சில மார்க் அன்று.

பிறகு அவர் சொன்ன மற்றக் காரணம் எங்கள் மனத்திற் தங்கிவிட்டது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப் பாகங்கள் எதுவுமே வரவில்லை. ஐம்பதுகளிற் செய்த ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் இயந்திரங்கள் எரிபொருட் கலவையை அதிகம் அமுக்காதவை ஆகையால் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. சிறு துளி பெற்றோலை ஊற்றி இயக்கிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்கள் வீட்டிற் தூங்க, கிழட்டுக் கார்கள் வீதியை ஆண்ட காலம். அந்நாட்களில் ஒரு நட்டை வெட்டினால் மறு நட்டு இல்லை. ஆகவே எந்த நட்டையும் வெட்டாமற் கழற்றக் கற்றுக்கொண்டார்கள். "அங்கே நட்டு அருமை, நேரம் மலிவு. இங்கே நட்டு மலிவு, நேரம் அருமை" என்றார் அண்ணை. இரு நாடுகளின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக வேறெவரும் எமக்குச் சொன்னதில்லை.

அவர் முடிவு இதுதான்: கறள் இளக்கும் எண்ணெயைப் புரிகளில் விட்டுவிட்டுக் காத்திருப்பது. ஆனால் மறுநாள் ஞாயிறு. மண்டபம் மூடியிருக்கும், இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியற் சத்தம் கேட்கலாகாது. எனவே வான் திங்கட்கிழமை மாலைவரை அங்கேயே நிற்க வேண்டும். திங்கள் அதிகாலை வேலைக்கு என்ன செய்வது? உளியை எடுத்தால் இரவே வீடு திரும்பலாம். காத்திருந்தால் ஐந்து பேர் வேலைக்குச் செல்ல வழியில்லை. நேரம் தவறினால் வேலை போகவும்கூடும். ஒரு மணித்தியாலம் நின்று ஆலோசித்தோம். வீட்டிலிருந்த பெண்களிடம் தொலைபேசியிற் கேட்டோம். "நாங்கள் இரண்டு பேரும் தெரிந்த ஆளோடு காரிலே போவோம், நீங்கள் சைக்கிளிலே போங்கள், அச்சை உடைச்சுப்போட்டு வராதேங்கோ" என்ற பதில் வந்தது. அதுவே தீர்ப்பாயிற்று.

காத்திருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காத்திருப்பது கடினமில்லை. நட்டு இரண்டு காரணங்களால் இறுகியிருக்கிறது. ஒன்று, இறுக்கியபோது அச்சு இழுபட்டு, புரிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பது. நட்டை இறுக்கக் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பொருட்களைச் சேர்த்துப் பிடிக்கப் பயன்படுகிறது. மிகுதி முழுவதும் உராய்வுக்கே செலவாகிறது. மற்றது கறள். இரும்பு கறளாக மாறும்போது அதன் பருமன் பல மடங்காகிறது. புரிகளுக்கிடையே இருந்த நுண்ணிய இடைவெளிகளை அது நிரப்பி, கல்லிடுக்கில் அடித்த ஆப்புப்போல் இறுக்குகிறது. இளக்கும் எண்ணெய் கறளைக் கரைப்பதில்லை. தண்ணீரை விட மெல்லிய இடுக்குகளிலும் ஊர்ந்து, கறளின் துவாரங்களுக்குள் நுழைந்து, உராய்வைக் குறைக்கிறது. எமக்குப் பழக்கமான டபிள்யூ டி 40 என்ற எண்ணெயும் இத்தகையதே. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நாற்பதாவது முயற்சியிற் கிடைத்த கலவை என்பதால் அதற்கு அந்தப் பெயர். முப்பத்தொன்பது தடவை சரிவராத ஒன்றுக்கு நாம் இரண்டு இரவு கொடுக்கக்கூடாதா?

சனி மாலை எண்ணெய் விட்டு, நட்டின் ஆறு பக்கங்களிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார் அண்ணை. பலமாக அடிப்பதற்காக அன்று, அதிர்ச்சியால் எண்ணெய்க்கு வழி திறப்பதற்காக. மண்டபம் மூடும்வரை அரை மணிக்கொரு தடவை எண்ணெயும் தட்டலுமாக அது நடந்தது. தீ வைத்துச் சூடாக்கினால் என்ன என்று சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடும் கொல்லர், பட்டத்தைச் செந்தணலிற் காய்ச்சி விரியச்செய்து, மரச்சில்லிற் பொருத்தித் தண்ணீர் ஊற்றிச் சுருக்குவதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. அதே முறைதான். 46 மில்லிமீற்றர் நட்டை நூறு பாகை சூடாக்கினால் அது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கே விரியும். அந்தத் தலைமயிரளவு விரிவே கறளைப் பிளக்கப் போதும். ஆனால் அந்த இடத்தருகே பிறேக் எண்ணெய்க் குழாயும் இறப்பரும் கிறீசும் உள்ளன, எண்ணெயும் ஊறிக்கொண்டிருந்தது. கற்றுக்குட்டிகள் நால்வர் நிற்கும் இடத்திற் தீயை எடுக்க வேண்டாம் என்றார் அண்ணை.

திங்கள் அதிகாலை மூன்றரைக்கு, மூன்று சைக்கிள்கள் கென்னடிப் பாலத்தைக் கடந்தன. கீழே றைன் இருளில் ஓடியது. யாழ்ப்பாணத்திற் தடைக்காலத்தில் ஊரே சைக்கிளில் ஓடியதை நினைத்துக்கொண்டு மிதித்தோம். நேரத்துக்குச் சென்றோம்.

அன்று மாலை மண்டபத்தில் மீண்டும் கூடினோம். அதே வான், அதே ஒன்றரை மீற்றர்க் குழாய், அதே 68 கிலோகிராம் ஆள். அண்ணை ஒன்றை மட்டும் புதிதாகச் சொன்னார்: கழற்றுவதற்கு முன், இறுக்கும் பக்கமாக ஒரு மயிரளவு கொடுத்துப் பாருங்கள். கறளின் பிடி எந்தப் பக்கமாக உடைந்தாலும் உடைவுதான். சைக்கிளின் இடப்பக்க மிதிகட்டை மட்டும் எதிர்ப்புறமாகக் கழலும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவர் ஒவ்வொருவரும் அறிவர். இந்த நட்டு அப்படியல்ல, வழக்கம்போல் இடப்பக்கமாகவே கழலும் என்பதையும் அவர் கைநூலிற் சரிபார்த்திருந்தார். இறுக்கும் பக்கமாக ஒரு கொடுப்பு. பிறகு குழாயை மறுபுறம் மாற்றி, துள்ளாமல், தள்ளாமல், பாரத்தை மட்டும் மெல்ல மெல்லச் சாய்த்தோம்.

காய்ந்த விறகு முறிந்தாற்போல் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. குழாய் கீழே இறங்கியது. அச்சு முறிந்துவிட்டதோ என்று எங்கள் நெஞ்சு ஒரு கணம் நின்றது. அண்ணை குனிந்து பார்த்து, நட்டின்கீழ் மின்னிய புதுப் புரியை விரலாற் காட்டினார். அடுத்த இடத்து முதியவர் அன்று வரவில்லை. வந்திருந்தால் அவரும் மகிழ்ந்திருப்பார்.

அதன்பின் நடந்தவை நிதானமான வேலைகள். இரண்டு பெயாரிங்குகளையும் அவற்றின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் மாற்றினோம். புதுக் கிறீஸ் இட்டோம். வலப்பக்கத்துக்கும் அதே எண்ணெய், அதே காத்திருப்பு. பூட்டும்போது, கழற்றிய நட்டு நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போடலாம் என்றோம். "அங்கே இல்லாதபடியால் பழையதைப் போட்டோம். இங்கே இருக்கிறபடியால் புதியதைப் போடுவோம். பிள்ளையள் ஏறுகிற வாகனம்" என்றார் அண்ணை. புதிய நட்டும் புதிய முளையும் வாங்கினோம். மண்டப உரிமையாளர் விசையளக்கும் பெரிய ஸ்பனரை இரவல் தந்தார். 500இல் அது சொடுக்கியது. முளையின் துவாரம் நேருக்கு வராததால், நட்டைத் தளர்த்தாமல், அடுத்த துவாரம்வரை மேலும் இறுக்கி முளையிட்டோம். கறள் எண்ணெயைத் துடைத்த துணிகளையும் பழைய கிறீசையும் நிலத்தில் எறியாமல் மண்டபத்திற் கையளித்தோம். வாடகை, பெயாரிங், நட்டு எல்லாம் சேர்த்தும் கேட்ட தொகையின் மூன்றிலொரு பங்கு ஆகவில்லை. மறுசோதனையில் வான் தேறியது. மிகுதிப் பணம் ஊருக்குச் சென்றது.

இங்கே நாம் சொல்ல விரும்பும் செய்தி, வாகனம் திருத்திப் பணம் மிச்சம் பிடிப்பதன்று. அச்சும் பிறேக்கும் உயிரோடு தொடர்புடையவை. தெரிந்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் எவரும் அவற்றிற் கைவைக்க வேண்டாம். இன்றைய கார்களிற் சில்லின் அருகே மின்னுணரிகள் இருக்கின்றன. அச்சு நட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகவே போட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் விதிக்கிறார்கள். அன்றைய வானின் எளிமை இன்று இல்லை. நாம் சொல்ல வந்தது அண்ணையைப் பற்றியது.

எங்கள் நடுவே நான்கு ஆண்டுகள் பாத்திரம் கழுவிய அந்த மனிதரிடம் இவ்வளவு அறிவு இருந்ததை, அந்த நட்டு இறுகாவிட்டால் நாம் அறிந்திருக்கமாட்டோம். எங்கள் ஒன்றுகூடல்களில் அவர் கடைசி வரிசையில் இருப்பார். கணக்காளராக இருந்தவரையும் ஆசிரியராக இருந்தவரையும் ஊர்ப் பெருமையோடு அறிமுகம் செய்யும் நாம், கராஜில் நின்றவரை அப்படி அறிமுகம் செய்ததில்லை. கையில் எண்ணெய் படும் தொழிலைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தையும் நாம் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தோம். இந்நாட்டுச் சட்டம் அவர் கையைச் சில ஆண்டுகளே கட்டியது. எங்கள் எண்ணம் அதைவிட நீண்ட காலம் கட்டியது.

இதன் மறுபக்கம் 1998இல் வந்தது. பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுவன், பாடசாலையில் பத்தாம் வகுப்பை முடித்தபின், வாகனத் தொழிலிற் பயிற்சிக்குச் செல்ல விரும்பினான். ஜேர்மனியின் தொழிற்பயிற்சி முறையில், பயில்பவர் வாரத்திற் சில நாட்கள் தொழிலகத்திலும் மற்ற நாட்களிற் தொழிற்பாடசாலையிலும் கற்பார். மூன்றரை ஆண்டுகள் நடக்கும் அப்பயிற்சிக் காலத்திற் சம்பளமும் உண்டு. 2003 முதல் இயந்திரமும் மின்னியலும் இணைந்து ஒரே தொழிலாக அது கற்பிக்கப்படுகிறது. அன்று பையனின் தந்தை ஒப்பவில்லை. பொறியியலாளனாக வேண்டிய பிள்ளை எண்ணெய்க் கையோடு நிற்பதா என்றார். நான்கு குடும்பங்களும் கூடிப் பேசினோம். சத்தமும் எழுந்தது, இரு வாரங்கள் இரு வீடுகள் பேசாமலும் இருந்தன.

அண்ணையும் அழைக்கப்பட்டார். அவர் வாதாடவில்லை. "அவசரப்படுத்தாதேங்கோ. கொஞ்ச நாள் விடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தந்தை சில நாட்கள் மௌனமாக இருந்தார். ஒரு மாலை மகனோடு தனியே அந்த மண்டபத்துக்குச் சென்று வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. பயிற்சி ஒப்பந்தத்தில் அவரே கையொப்பமிட்டார்.

வாசகர்களே, உங்கள் இல்லத்திலோ அயலிலோ அண்ணையைப் போல் ஒருவர் இருக்கக்கூடும். தச்சர், தையற்காரர், வள்ளம் கட்டியவர், வானொலி திருத்தியவர், தறி நெய்தவர் என்று அவர் எவராகவும் இருக்கலாம். அவர் பேசாமல் இருப்பதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அவருடன் விடுங்கள். ஒரு சைக்கிளின் மிதிகட்டையைக் கழற்றுவதில் அவர்கள் தொடங்கட்டும். இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அவர் சொல்லிக்கொடுப்பார். கூடவே, அவர் கைகளுக்கும் வேலை கிடைக்கும்.